அகாடிய மூதாதையரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் கிழக்குக் கரையில் எனக்குத் தெரிந்த சில தமிழ் வீடுகளில் அகாடிய மருமகளோ மருமகனோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்கிறார்கள். அம்மா வழியை எழுத உட்கார்ந்தால் பெயர்கள் முன்னூறு வருடம் பின்னால் ஓடுகின்றன. அப்போது எனக்கு போன் வரும். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

அகாடியர்னா யாரு? கியூபெக் பிரெஞ்சுக்காரங்கதானே?

இல்லை. இருவரும் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் அவை தனித்தனிக் குடியேற்றங்கள். அகாடியா என்பது இன்றைய நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு இருக்கும் பகுதி. 1604-ல் செயின்ட் குரோய் தீவில் முதல் முகாம் போட்டார்கள். குளிரும் ஸ்கர்வி நோயும் ஆளைத் தின்றதால் 1605-ல் போர்ட் ராயலுக்கு மாறினார்கள். ஆனால் அப்போது வந்தவர்கள் வியாபாரிகளும் வேலையாட்களும்தான். குடும்பம் குடும்பமாக வந்தது 1632-க்குப் பிறகு. நம் தேடல் பெரும்பாலும் அங்கேதான் போய் முடியும்.

பழைய மெசபடோமியாவின் அக்காடியர்களுக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழில் தேடினால் அவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

முதல்ல வந்தவங்க பட்டியல் இருக்கே, அதிலிருந்து கீழே இறங்கி வந்தா சீக்கிரம் முடியாதா?

முடியாது. முதல் தலைமுறைத் தம்பதி ஒருவருக்கு இன்று லட்சக்கணக்கில் வாரிசுகள் இருக்கலாம். அதில் உங்கள் வீட்டுக் கிளை எது என்று மேலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. உங்கள் மருமகளின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு, தாத்தா பாட்டியின் திருமணப் பதிவு என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். திருமணப் பதிவுதான் முக்கியம். கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு. ஒரு பதிவு கிடைத்தால் அடுத்த தலைமுறையில் நான்கு பேர் கிடைத்த மாதிரி.

பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார்கள். இறந்தபோதுகூட அப்படித்தான். புருஷன் பெயரில் தேடிவிட்டு ஆளே இல்லை என்று கைவிடுபவர்கள் நிறைய.

கடைசிப் பெயர் லெபிளாங்க். அப்போ கண்டிப்பா அகாடியர்தான்?

அநேகமாக, ஆனால் கண்டிப்பாக அல்ல. லெபிளாங்க், மார்த்தான், ருவா போன்ற பெயர்கள் பிரான்ஸ் முழுக்க உண்டு. கியூபெக்கில் அகாடியாவுக்குச் சம்பந்தமே இல்லாத லெபிளாங்க் குடும்பங்களும் இருக்கின்றன. அகாடிய லெபிளாங்குகள் எல்லோரும் தானியேல் லெபிளாங்க், பிரான்சுவாஸ் கொதே தம்பதியின் வழிவந்தவர்கள். உங்கள் கிளை அங்கே போய்ச் சேர்கிறதா என்பதைப் பதிவுகள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழக்கும் உண்டு. பெயர் ஆங்கிலமாக இருக்கும், ஆள் அகாடியர். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் புவாரியே பெர்ரி ஆனார், ஓக்வான் வெட்ஜ் ஆனார், பித்ர் பீட்டர்ஸ் ஆனார், துவாரோன் கூல்ட் ஆனார். லெபிளாங்க் சில இடங்களில் வைட். கத்தோலிக்கக் குடும்பம், அகாடிய ஊர், பெயர் மட்டும் ஆங்கிலம் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஆளோட பெயர் ஒவ்வொரு தாள்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே, எதை எடுத்துக்கிறது?

எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். பெரும்பாலானோருக்கு எழுதத் தெரியாது, சாமியார், அதாவது கத்தோலிக்கப் பாதிரியார், காதில் விழுந்தபடி எழுதினார். புத்ரோ என்ற பெயர் பழைய பதிவுகளில் ‘டி’ எழுத்தில் முடியும், கனடாவில் இப்போது ‘யூ’வில், அமெரிக்காவின் லூசியானாவில் ‘எக்ஸ்’ஸில். எல்லாம் ஒரே மிஷல் புத்ரோவின் வாரிசுகள். ஸ்பெல்லிங் வேறு என்பதற்காகக் குடும்பமே வேறு என்று முடிவுகட்டாதீர்கள்.

இதைவிடக் குழப்புவது பட்டப்பெயர். லெஜூன் என்கிற பிரியார், மெலான்சோன் என்கிற லாவெர்தூர், புரூசார் என்கிற போசொலேய் என்று இரட்டைப் பெயராக வரும். ஒரு பதிவில் முதல் பெயர் மட்டும், இன்னொன்றில் இரண்டாவது மட்டும் இருக்கலாம். லாவெர்தூர் என்ற பட்டம் தூசே குடும்பத்திலும் உண்டு, ஆகவே பட்டத்தை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காட்ட முடியாது.

ஊருக்குள் ஒரே பெயரில் பல பேர் இருந்ததால் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்துக் கூப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது: ‘பவுலின் பியேரின் ஜான்’ என்கிற மாதிரி. நம் இனிஷியல் போலத்தான், என்ன, அங்கே வாயாலேயே விரித்துச் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது இப்படிக் கூப்பிட்டால் உடனே எழுதிக்கொள்ளுங்கள், மூன்று தலைமுறை இலவசம்.

முதல் குடும்பங்கள் யார் யார்னு எங்கே பார்க்கலாம்?

1671 கணக்கெடுப்பில். லோரான் மோலான் என்ற துறவி போர்ட் ராயலிலும் பக்கத்திலும் வீடு வீடாகப் போய் எடுத்தது. மொத்தமே சுமார் 400 பேர், 70-க்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ குடும்பங்கள். வீட்டுத் தலைவரின் பெயர், தொழில், வயது, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், பிள்ளைகள், மாடு, ஆடு, நிலம் எல்லாம் இருக்கும். உழவர் ஜான் கொதே, வயது 96, மனைவி நிக்கோல் வயது 64 என்று ஒரு வீடு. இந்தக் கிழவர்தான் மேலே சொன்ன பிரான்சுவாஸ் கொதேயின் அப்பா. அறுவைச் சிகிச்சை வைத்தியர் ழாக் பூர்ஷ்வா இன்னொரு வீடு. பிறகு போபாசான் ஊரை உண்டாக்கியவர் அவர்.

அதற்குப் பிறகு 1686, 1693, 1698, 1700, 1701, 1703, 1707, 1714 என்று எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு விவரம் கிடைக்காது. 1698-ல் வயதோடு பழமரங்களின் எண்ணிக்கைகூட இருக்கும். 1714-ல் கணவன், மனைவி, இத்தனை மகன், இத்தனை மகள், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கெடுப்பை அப்படியே நம்பலாமா?

ஆள் இருந்தார் என்பதற்கு நம்பலாம். வயதுக்கு நம்பாதீர்கள். ஒரே ஆள் 1671-லிருந்து 1686-க்குள் 15 வயது கூடாமல் 10 வயதோ 20 வயதோ கூடியிருப்பார். பிறந்த வருடத்தைக் கழித்து எழுதும்போது ‘சுமார்’ என்று போட்டுவிடுங்கள்.

எல்லோரும் ஒத்துழைத்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். பீப்பாய் செய்யும் பியேர் லாநூ தான் நன்றாகத்தான் இருப்பதாகவும் வயதைச் சொல்ல முடியாது என்றும் பதில் சொன்னாராம். எத்தியேன் ரொபிஷோ துறவியின் முகத்திலேயே விழிக்காமல் வெளியே போய்விட்டார், மாடு, நிலக் கணக்கைச் சொல்லமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லியனுப்பினார். பியேர் மெலான்சோன் வீட்டில் மனைவி, இதற்காகத் தெருத்தெருவாக அலைய உமக்கென்ன பைத்தியமா என்று கேட்டிருக்கிறார். மோலான் இதையெல்லாம் அப்படியே எழுதிவைத்துவிட்டார். வரி போடத்தான் வந்திருக்கிறான் என்ற பயம். நமக்குச் சேதி என்னவென்றால், கணக்கெடுப்பில் ஒரு வீடு வெறுமையாக இருந்தால் அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

இன்னொன்று, கல்யாணமான பிள்ளைகள் அப்பா வீட்டிலும் ஒருமுறை, தங்கள் வீட்டிலும் ஒருமுறை வருவார்கள். அவசரத்தில் இரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள். மணமான மகளின் பெயர் அப்பா வீட்டில் வருவது உண்மையில் நமக்கு வரம், எந்த வீட்டுப் பெண் எங்கே போனாள் என்று அதிலிருந்தே தெரிகிறது.

சர்ச் ரெக்கார்டு எல்லாம் ஆங்கிலேயர் எரிச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே?

நிறைய அழிந்தது, எல்லாம் அல்ல. போர்ட் ராயல் கோவிலின் பதிவேடு 1702-லிருந்து 1755 வரை இருக்கிறது. நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் அதைப் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கிறது, காசு வேண்டாம். போபாசானுக்கு 1679 முதல் 1686 வரையும், பிறகு 1712 முதல் 1748 வரை விட்டு விட்டும் கிடைக்கிறது. கிரான்-பிரே ஊரின் பதிவேடுகளை, 1755-ல் பிரிட்டிஷார் நாடுகடத்தியபோது (விவரம் கீழே) அந்த ஊர்க்காரர்கள் கையோடு எடுத்துப்போனார்கள். அது லூசியானாவின் செயின்ட் கேப்ரியல் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது, இப்போது பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கிறது. வீடு, மாடு, நிலம் எல்லாம் போன நிலையில் இதை யாரோ மூட்டையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பிசிகீ, கோபெகீ ஊர்க்காரர்கள் பாடுதான் திண்டாட்டம், அவர்கள் கோவில் பதிவேடுகள் இல்லை. அவர்களுக்கு 1755-க்குப் பிந்தைய ஆவணங்கள் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அது கீழே வருகிறது.

கல்யாணப் பதிவில் ‘மூன்றாம் படி, நான்காம் படி விலக்கு’ன்னு இருக்கு. என்ன அது?

தங்கச் சுரங்கம். ரத்த உறவுக்குள் கல்யாணம் செய்ய அன்றைய திருச்சபை நான்கு படி வரை தடை வைத்திருந்தது. கோவிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, உறவு இருப்பது தெரிந்தால் விலக்கு வாங்க வேண்டும், அதைச் சாமியார் பதிவில் எழுதுவார். நம் ஊர்போல அத்தை மகள், மாமன் மகள் முறை, சித்தப்பா மகள் முறையில்லை என்கிற பாகுபாடு அங்கே கிடையாது, எல்லாமே தடைதான்.

கணக்கு இப்படி. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தாத்தா பாட்டி பொது என்றால் இரண்டாம் படி. கொள்ளுத்தாத்தா பொது என்றால் மூன்றாம் படி. எள்ளுத்தாத்தா பொது என்றால் நான்காம் படி. ‘மூன்றிலிருந்து நான்கு’ என்றால் ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தா, மற்றவருக்கு எள்ளுத்தாத்தா. ஆகவே ஒரு பெண்ணின் பாட்டி யாரென்று தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது இந்த ஒரு வரி, அவள் இந்தக் குடும்பத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று கைகாட்டும். முதல் குடும்பங்களில் பல உறவுகள் இப்படித்தான் நிரூபணமாகின. ஒரே ஒரு எச்சரிக்கை: ‘ரத்த உறவு’ விலக்கா, ‘சம்பந்த உறவு’ விலக்கா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், இறந்துபோன முதல் மனைவியோ கணவனோ உறவு, மணமக்கள் அல்ல.

எல்லாம் 1755-ல் அறுந்துபோகுது. அதுக்கப்புறம் எப்படித் தேடறது?

எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1713 உட்ரெக்ட் ஒப்பந்தப்படி அகாடியா பிரிட்டனுக்குப் போனது. அகாடியர்கள் பிரிட்டனுக்கு நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள் என்று 1755 ஜூலையில் ஹாலிஃபாக்ஸில் நோவா ஸ்கோஷியாவின் துணை கவர்னர் லாரன்ஸின் சபை அவர்களை நாடுகடத்த முடிவுசெய்தது. செப்டம்பர் 5 அன்று கிரான்-பிரே கோவிலுக்குள் ஆண்களைக் கூட்டி, படை அதிகாரி ஜான் வின்ஸ்லோ உத்தரவை வாசித்தார். 1763 வரை 10,000-க்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள். வின்ஸ்லோவின் குறிப்பேட்டில் கிரான்-பிரே ஆண்கள் பட்டியல் இருக்கிறது. எத்தனை மகன், எத்தனை மகள், எத்தனை மாடு என்றும் இருக்கும், மனைவி பெயர் மட்டும் இருக்காது.

உங்கள் ஆள் எந்தப் பக்கம் போனார் என்பதைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும். மாசசூசெட்ஸ் என்றால் அந்த மாநிலக் காப்பகத்தில் ‘பிரெஞ்சு நடுநிலையாளர்கள்’ என்ற தலைப்பில் தனித் தொகுதிகள் உண்டு, எந்த ஊரில் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதுவரை. மேரிலாந்து, பென்சில்வேனியா போன்ற காலனிகளுக்கு 1763 பட்டியல்கள். வர்ஜீனியா ஏற்க மறுத்ததால் அங்கே போனவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லிவர்பூல், பிரிஸ்டல், சவுத்தாம்ப்டன், ஃபால்மத்தில் 1763 வரை கிடந்தார்கள், பிறகு பிரான்ஸ். காட்டுக்குள் ஓடித் தப்பியவர்களில் பலர் கியூபெக் போனார்கள். அங்கே பங்குப் பதிவேடுகள் சிறப்பாக இருக்கின்றன. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் அவற்றைக் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறது.

பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்தும் கேப் பிரெட்டனிலிருந்தும் 1758-ல் நேராக பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். டியூக் வில்லியம், வயலட் என்ற இரண்டு கப்பல்கள் அந்த டிசம்பரில் மூழ்கின, குடும்பங்கள் அடியோடு போயின. இந்தத் தீவுக்காரர்களுக்கு 1752-ல் லா ரோக் எடுத்த கணக்கெடுப்பு இருக்கிறது. எங்கே பிறந்தார், தீவுக்கு வந்து எத்தனை வருடம் என்றுகூட எழுதியிருக்கிறார். பிசிகீ குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பெல்-ஈல் வாக்குமூலங்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களில் 78 குடும்பங்களை 1765-ல் பிரான்ஸின் பிரித்தனிக் கரையோரத் தீவான பெல்-ஈலில் குடியேற்றினார்கள். பதிவேடுகள் தொலைந்துவிட்டதால் 1767-ல் ஒவ்வொரு குடும்பத் தலைவரையும் சத்தியம் வாங்கிக்கொண்டு வம்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த முதல் ஆள் வரை வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். நூற்றிருபது, நூற்றுமுப்பது வருட ஞாபகம், ஆகவே தவறும் உண்டு. ஆனால் பதிவேடு இல்லாத ஊர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

லூசியானா கேஜன்களும் இவங்களும் சொந்தமா?

ஆமாம், ஒரே குடும்பங்கள். லூசியானாவில் குடியேறிய அகாடியரின் வாரிசுகளைத்தான் கேஜன் என்கிறார்கள். போசொலேய் புரூசார் தலைமையில் ஒரு கூட்டம் ஹாலிஃபாக்ஸிலிருந்து 1765-ல் அங்கே சேர்ந்தது. மேரிலாந்து, பென்சில்வேனியாவிலிருந்து அடுத்தடுத்துப் போனார்கள். 1785-ல் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர். அண்ணன் நியூ பிரன்சுவிக்கில், தம்பி லூசியானாவில் என்று பிரிந்த குடும்பங்கள் பல. உங்கள் பக்கம் பதிவு இல்லையென்றால் தம்பியின் பதிவைத் தேடுங்கள், பெற்றோர் பெயர் அங்கே இருக்கலாம்.

கல்யாணத் தேதிக்கு முன்னாடியே மூணு குழந்தை பிறந்திருக்கு. தப்பான ஆளைப் பிடிச்சுட்டேனா?

தேதியை மட்டும் பார்த்து அப்படி நினைக்க வேண்டாம். நாடுகடத்தலின்போது சாமியார் இல்லாத இடங்களில் சாட்சிகள் முன்னால் கல்யாணம் செய்துகொண்டார்கள். வருடங்கள் கழித்து ஒரு மிஷனரி வந்தபோதோ கியூபெக் சேர்ந்தபோதோ அதைக் கோவிலில் சரிசெய்துகொண்டார்கள். அந்தப் பதிவில் பிள்ளைகளின் பெயரும் வயதும் சேர்த்து எழுதியிருக்கும். ஞானஸ்நானமும் அப்படித்தான், ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடந்திருக்கும்.

இணையத்தில் ஏற்கெனவே முழு மரம் இருக்கே, காப்பி பண்ணிக்கலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக வேண்டாம். அகாடியர் விஷயத்தில் ஆபத்து, தகவல் இல்லாதது அல்ல, அதிகமாக இருப்பது. ஒரே காலத்தில் ஒரே ஊரில் நாலு ஜோசப் லெபிளாங்க் இருப்பார்கள். ஒருவர் தப்பான ஜோசப்பை இணைத்தால் நூறு பேர் அதையே நகலெடுப்பார்கள். நூறு மரத்தில் இருக்கிறது என்பதால் அது உண்மை ஆகிவிடாது.

1714 வரை உள்ள குடும்பங்களுக்கு மாங்க்டன் பல்கலைக்கழக அகாடிய ஆய்வு மையத்தின் ஸ்டீபன் வைட் 1999-ல் வெளியிட்ட குடும்ப அகராதியில் சரிபாருங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் காட்டியிருப்பார், தெரியாத பெற்றோரைத் தெரியாது என்றே விட்டிருப்பார். மரத்தில் அந்த இடத்தில் மூன்று தலைமுறை கூடுதலாக இருந்தால் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

டிஎன்ஏ டெஸ்ட்ல ஆயிரக்கணக்குல நெருங்கிய சொந்தம் காட்டுதே, உண்மையா?

சொந்தம் உண்மை, நெருக்கம் உண்மையல்ல. பத்துத் தலைமுறை மேலே ஏறினால் 1,024 மூதாதையர் இடங்கள் வரும். 1671-ல் அந்த மண்ணில் குழந்தைகளோடு சேர்த்தே சுமார் 400 பேர்தான். ஆகவே ஒரே ஆள் பல இடங்களில் வந்தே ஆக வேண்டும். இரண்டு அகாடியர் ஏழெட்டு வழியில் தூரத்துச் சொந்தமாக இருப்பார்கள். துண்டு துண்டாகச் சேர்ந்து வரும் டிஎன்ஏவை ஒரே நெருங்கிய உறவு என்று கணினி எடுத்துக்கொள்கிறது. அது சொல்லும் உறவைவிட இரண்டு மூன்று தலைமுறை தள்ளி வைத்துப் பாருங்கள். மொத்த அளவைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்பதைக் கவனிப்பது நல்லது.

அகாடியர் எல்லாருக்கும் மிக்மாக் ரத்தம் உண்டுன்னு எங்க சம்பந்தி சொல்றார்.

மிக்மாக் பூர்வகுடிகளோடு கலப்பு நடந்தது உண்மை. பிலிப் மியூஸ் தஸி மிக்மாக் பெண்ணை மணந்தார், இன்று அவர் வாரிசுகள் ஏராளம். ரெனே ரென்போவின் மனைவி ஆன்-மரீயின் நேர் பெண்வழி டிஎன்ஏ பூர்வகுடி வகை. 1641 வாக்கில் பிறந்த ஜெர்மான் தூசேயின் ஆண்வழி வாரிசுகளின் டிஎன்ஏவும் அப்படியே வந்ததில் ஆய்வாளர்களே அசந்துபோனார்கள். ஆனால் நீண்ட காலம் மிக்மாக் என்று சொல்லப்பட்ட லெஜூன் சகோதரிகளும் ராதகோந்த் லாம்பேரும் சோதனையில் அப்படி வரவில்லை. அவர்களை வைத்து வரைந்த மரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

1600-களில் ஒரு மூதாதையர் இருப்பது குடும்ப வரலாறு. பூர்வகுடி அந்தஸ்து என்பது சட்டமும் அந்தச் சமூகமும் முடிவுசெய்யும் வேறு விஷயம். சம்பந்தியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கடைசியா, பிரான்ஸில் எந்த ஊர்னு கண்டுபிடிச்சிடலாமா?

சிலருக்கு முடியும். 1636-ல் லா ரோஷேலிலிருந்து கிளம்பிய சேன்-ஜான் கப்பலின் பட்டியலில் கியோம் த்ராஹானும் பியேர் மார்த்தானும் பூர்கெய் ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்ததாக இருக்கிறது. கப்பல் தச்சர் ரொபேர் கோர்மியே 1644-ல் லா ரோஷேலில் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் சிறுபான்மை. பெரும்பாலான குடும்பங்கள் லூதான் பகுதியிலிருந்து வந்தன என்று பெயர்களை ஒப்பிட்டுச் சொல்லும் கருத்து பிரபலம். சில குடும்பங்களுக்குப் பொருந்தலாம், எல்லோருக்கும் நிரூபணமாகவில்லை. ஊர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

பழைய கணக்கெடுப்புகளின் மூலப் பிரதிகள் பிரான்ஸின் ஏ-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு, திருமணப் பதிவுகளை இணையத்தில் வைத்திருப்பதும் இதே காப்பகம்தான். அப்பா வழி புதுச்சேரி, அம்மா வழி அகாடியா என்று ஒரு பேரப்பிள்ளை இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே தளத்தில் தேடலாம். தளம் பிரெஞ்சில் இருக்கும், பார்க்கக் கட்டணம் கிடையாது.